பிடியை விட்ட உடும்பு

அந்த ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவு தரைத்தளத்துக்கும் கீழே இருக்கிறது. மேலே வார்டுகளில் ரத்தமும் வியர்வையும் மருந்தும் பட்ட விரிப்புகள் சக்கரவண்டிகளில் அங்கே இறங்கி, கொதிநீரில் புரண்டு, ஆவி பறக்க வெளியே வருகின்றன. அவற்றை இழுத்து உதறி, சூடான உருளைக்குள் கொடுக்கிறவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதர். காதுகள் இரண்டும் பிசைந்து வைத்த மாவு போலத் தடித்துச் சுருங்கியிருக்கும். விரல்கள் ஆளுக்கொரு திசையைப் பார்க்கும். சட்டைப் பித்தானை அவரால் போட முடியாது; மனைவிதான் போட்டுவிடுகிறார். ஆனால் அதே விரல்கள் ஈர விரிப்பின் ஓரத்தைப் பற்றிவிட்டால், மறுமுனையைப் பிடித்திருப்பவர் விரிப்போடு சேர்ந்து வந்துவிட வேண்டியதுதான்.

கூட வேலை செய்கிறவர்கள் அவரை 'உடும்பு' என்று கூப்பிடுகிறார்கள். இது சலவைப் பிரிவில் வைத்த பெயர் அல்ல. ஒரு காலத்தில் பெரிய அரங்குகளில் கூட்டம் எழுந்து நின்று கத்திய பெயர்.

இவரைப் பற்றித்தான் சில மாதங்களாக, வேலை இருப்பவர்களும் இல்லாதவர்களும் செல்பேசித் திரையில் அடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் பெரிய வீரரா, இல்லை சும்மா பேர் வாங்கியவரா? ஒரு மனிதனின் இளமையை இரண்டு கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தைத் தொடுகிறாய் என்று கேட்கிறது ஒரு தொலைக்காட்சி விவாத நிகழ்ச்சி. இருபது வயதுப் பையன்கள், அவர் சண்டை போட்டபோது பால் குடித்துக்கொண்டிருந்தவர்கள், 'சும்மா' என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டுப் பேருந்தில் இறங்கிப் போகிறார்கள். அவர்களுக்கு அது ஒரு விரல் அசைவு. இவருக்கு அப்படி இல்லை.

கதையை ஒழுங்காகச் சொல்கிறேன்.

குத்து, உதை, மல்யுத்தம் எல்லாவற்றையும் ஒரு கம்பிவலைக் கூண்டுக்குள் கலந்துவிடும் எம்.எம்.ஏ. சண்டை இங்கே வந்த புதிதில், எல்லாரும் நம்பியது ஒன்றுதான்: யார் கை பலமோ அவனுக்கே வெற்றி. கடோத்கஜன் மாதிரி இருப்பவர்கள் உள்ளே போவார்கள். ஒருவர் மூக்கை ஒருவர் உடைத்துக்கொண்டு வெளியே வருவார்கள். அந்தக் கூண்டுக்குள் இந்த ஒல்லி மனிதர், தரையில் கட்டிப் புரண்டு மடக்கும் ஜியு-ஜிட்சு வித்தையின் வெள்ளைக் கால்சட்டையோடு போனார். கூட்டம் சிரித்தது. "யாருடா இது, ஆஸ்பத்திரியில இருந்து எந்திரிச்சு வந்துட்டானா?" என்று யாரோ கத்தியதாக அவரே சொல்லிச் சிரிப்பார். எதிராளி ஓங்கிய கைக்குள் நுழைந்து, கட்டிப்பிடித்து, தரைக்கு இழுத்துக்கொண்டு போய், அங்கே ஒரு கையையோ கழுத்தையோ கொடிபோல் சுற்றிக்கொண்டார். அந்தப் பெரிய உடம்பு கொஞ்ச நேரம் உதறிப் பார்த்துவிட்டு, 'போதும், விடு' என்று அவர் முதுகில் தட்டியது. அவர் விட்டார்.

இப்படியே பல வருஷம். அவரோடு மோத, தரையில் படுத்துச் சண்டை போடத் தெரிய வேண்டும் என்று மற்றவர்கள் கற்றுக்கொள்ளத் தொடங்கினார்கள். இன்றைக்குக் கூண்டில் நிற்கும் ஒவ்வொருவனும் எதிராளியின் கையையோ காலையோ மடக்கிப் பூட்டுப் போடவும் பூட்டைக் கழற்றவும் பழகியவன்தான். அவர்களில் பலருக்கு அது யாரால் வந்தது என்றே தெரியாது. தெரிந்தவர்களோ, "அந்தாளுக்கு அது ஒண்ணுதானே தெரியும்" என்கிறார்கள். பள்ளிக்கூடம் கட்டியவரைப் பார்த்து, "நீ எந்த வகுப்புல பாஸ்?" என்று கேட்கிற திமிர் இது.

அவருக்கு எதிராகச் சொல்லப்படும் பெரிய குற்றச்சாட்டு, அவருடைய கடைசிச் சண்டை.

எதிராளி 'சுத்தியல்' என்று பெயர் எடுத்தவர். குத்தினால் ஆள் எழுந்திருக்க மாட்டான். கடைசிச் சுற்றில் உடும்பு அவரைக் குப்புறத் தள்ளி, வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிப் பூட்டிவிட்டார். தோள்பட்டையில் இருந்து கை கழன்று வரும் பூட்டு அது. நடுவர் அந்தப் பக்கம் நின்று கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் விலாவில் இரண்டு தட்டு விழுந்ததாக உடும்பு உணர்ந்தார். விட்டுவிட்டார். விட்டதோடு நிற்காமல் எழுந்து உட்கார்ந்து, எதிராளியின் தோளைத் தொட்டு, "வலிக்குதா?" என்று கேட்டார்.

பதிலாக வந்தது முழங்கை. உடும்பு பின்னால் சரிந்தார். கழுத்து கூண்டின் இரும்புக் கம்பத்தில் மோதியது. நடுவர் கையை வீசிச் சண்டையை முடித்தார். சுத்தியல் வென்றதாக அறிவித்தார்கள். அன்றோடு உடும்பின் கூண்டு வாழ்க்கையும் முடிந்தது.

கூண்டின் சட்டம் சொல்வது இது: நடுவர் வந்து கையைத் தொடும்வரை பிடியை விடக் கூடாது. பயிற்சிக் கூடத்தின் சட்டம் வேறு: எதிராளி தட்டினால் அந்த நொடியே விட வேண்டும், யோசித்துவிட்டு அல்ல, யாரையும் கேட்டுவிட்டு அல்ல. அந்த ஒரு சட்டம் இருப்பதால்தான் அங்கே ஒருவன் கழுத்தை இன்னொருவன் கையில் நம்பிக் கொடுக்கிறான். மறுநாளும் முழு உடம்போடு வருகிறான். மீசை முளைக்கும் முன்பிருந்தே அதில் வளர்ந்தவர் உடும்பு. தூசு விழுந்தால் இமை மூடுவது மாதிரி, தட்டு விழுந்தால் அவர் கை திறந்துவிடும். அவர் செய்தது தவறுதான். ஆனால் அந்தத் தவறைச் செய்ய ஒரு வாழ்நாள் நேர்மை தேவைப்படும்.

"நான் தட்டவே இல்லை" என்றார் சுத்தியல். அங்கிருந்த இரண்டு கேமராக்களில் ஒன்று உடும்பின் முதுகைப் படம் எடுத்திருந்தது. இன்னொன்று நடுவரின் பின்பக்கத்தைத் தெளிவாக எடுத்திருந்தது. சண்டையை நடத்திய கம்பெனிக்கு உடும்பு பல தடவை எழுதினார். மறுபரிசீலனை செய்யுங்கள், இருவரையும் கூப்பிட்டு விசாரியுங்கள் என்றார். பதிலே இல்லை. சலவைப் பிரிவில் ஒருவர் அவருக்கு ஆறுதலாக, "விடுங்க அண்ணே, தலையெழுத்து" என்றாராம். தலையெழுத்தா? தலையில் யாரும் எதுவும் எழுதவில்லை. முடிவை எழுதியது ஒரு கம்பெனி. அதற்கு அலுவலகம் உண்டு, கதவு உண்டு, கதவைத் தட்டினால் திறக்காமல் உள்ளே உட்கார்ந்திருந்த ஆட்கள் உண்டு. அவர்கள் செய்ததையும் செய்யாததையும் வானத்தின் மேல் போட்டுவிட்டால் அவர்களுக்கு எவ்வளவு வசதி!

இனி, அவருடைய மனைவி. அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். உடைந்த விரலோடு உடும்பு அந்த அறைக்கு அடிக்கடி போனதில் ஏற்பட்ட உறவு. "எல்லாரும் மாப்பிள்ளையை வெளியில பார்த்துக் கட்டிக்குவாங்க, நான் உள்ள இருக்கிற எலும்பு வரைக்கும் பார்த்துத்தான் கட்டிக்கிட்டேன். அதுலயும் ஏமாந்துட்டேன், பாதி எலும்பு ஒட்டுப் போட்டது" என்பார். அவருடைய அண்ணன், அதாவது உடும்பின் மச்சான், ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில் சலூன் வைத்திருக்கிறார். உடும்பின் முதல் ரசிகரும் கடைசி ரசிகரும் அவர்தான்.

சலூன் சுவரில் தொலைக்காட்சி உண்டு. சுத்தியல் இப்போது அதே கம்பெனியின் வர்ணனையாளர். நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு திரையில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் மாலை விவாத நிகழ்ச்சியில் அவரிடம் உடும்பைப் பற்றிக் கேட்டார்கள்.

"நல்ல மனுஷன்" என்றார் சுத்தியல். "ஆனா நல்ல மனுஷன் வேற, நல்ல ஃபைட்டர் வேற. நான் தட்டினேன்னு இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டுத் திரியறாரு. சந்தேகம் இருந்தா மறுபடியும் கூண்டுக்கு வரச் சொல்லுங்க. பேசித் தீர்க்க நாங்க என்ன வக்கீலா?"

சலூன் நாற்காலியில் நுரையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் கைதட்டினார். "கரெக்டா சொன்னாருய்யா. படுத்துக்கிட்டே சண்டை போட்ட ஆளெல்லாம் வீரனா? நானும்தான் வீட்டுல தினம் படுத்துக்கிறேன்."

"நீ படுத்தா உன் பொண்டாட்டியே எழுப்பி விட்டுடுவா" என்றார் மச்சான். "என் மாப்ள படுத்தா எவனும் எந்திரிக்க முடியாது. அதுதான் வித்தியாசம்."

"அப்ப ஏன் கையை விட்டாரு? பிடி தளர்ந்து போச்சு. வயசாயிடுச்சு. அதை ஒத்துக்க வேண்டியதுதானே?"

மச்சான் கத்தியைத் துடைத்துக்கொண்டே தன் ஒரே வாதத்தை எடுத்து வைத்தார். அதை அவர் அந்தத் தெருவில் சொல்லாத ஆள் கிடையாது. "ஏன்யா, கொஞ்சம் மூளையை வச்சு யோசி. ஜெயிச்சுக்கிட்டு இருக்கிறவன் எதுக்குய்யா பிடியை விடப்போறான்? எதிராளி தட்டினாத்தானே விடுவான்? வேற காரணம் ஒண்ணு சொல்லு பாப்போம். ஒண்ணே ஒண்ணு!"

நுரைக்காரர் கண்ணாடியைப் பார்த்துக் கன்னத்து நுரையைத் தடவிக்கொண்டார். அது நல்ல வாதம்தான். சாட்சி இல்லாத இடத்தில், மனிதன் எதற்காக ஒன்றைச் செய்வான் என்று கேட்பது நியாயமான வழி. அந்த வாதம்தான் உடும்பையும் இத்தனை காலம் தாங்கி நின்றது.

அடுத்த வாரமே கம்பெனியில் இருந்து ஆள் வந்தார், அத்தனை வருஷம் பதில் போடாத கம்பெனியில் இருந்து. அவர் சொன்னது சுருக்கமாக இது: ஒரு 'தீர்ப்புச் சண்டை' நடத்துகிறோம். உடும்பும் சுத்தியலும் மறுபடி மோத வேண்டும். ஒப்பந்தத்தில் விவாத நிகழ்ச்சியின் மேடையிலேயே கையெழுத்து. உடும்பு சம்மதித்தால் பழைய முடிவை மறுபரிசீலனை செய்யக் குழு அமைப்போம்.

இதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். தவறான முடிவு என்று தோன்றினால் விசாரிக்க வேண்டியது அவர்கள் கடமை. அந்தக் கடமையைச் செய்ய அவர்கள் கேட்டது ஒரு மனிதனின் கழுத்தை. நீதிமன்ற வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலை இது. அதுவும், இளைஞர்களின் சண்டைக்கு இப்போது கூட்டம் குறைந்துவிட்டது என்பதற்காக.

அன்று மாலை வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்ற மனைவி பித்தான்களை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது உடும்பு விஷயத்தைச் சொன்னார். மனைவியின் கை பாதியில் நின்றது.

"சரின்னு சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"'இன்னும்'னா என்னங்க அர்த்தம்? உங்க கழுத்தை நான் படம் எடுத்திருக்கேன். எலும்புக்கு நடுவுல இருக்க வேண்டிய இடைவெளியே இல்லை. இன்னொரு தடவை கழுத்துல அடிபட்டா ரெண்டு கையும் விளங்காமப் போயிடும்னு டாக்டர் உங்க மூஞ்சிக்கு நேராச் சொன்னாரு. இப்பவே பித்தான் நான்தான் போடறேன். அப்புறம் சோறும் நான்தான் ஊட்டணும்."

"அவங்க டாக்டர் பாத்துக்குவாருன்னு சொல்றாங்க."

"அவங்க டாக்டர் எதைப் பாப்பாரு? டிக்கெட் வித்துச்சான்னு பாப்பாரு!"

உடும்பு கட்டிலில் உட்கார்ந்தார். "ஒரே ஒரு தடவைதான்."

"உங்களுக்கு என்னதான் வேணும்? சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

"தோத்தான்னு எழுதி வச்சிருக்காங்கல்ல, அதை அடிச்சு எடுக்கணும். அவ்வளவுதான். அவன் தட்டினான். என் விலாவுல ரெண்டு தட்டு. எனக்குத் தெரியும்."

"அதை அடிச்சு எடுத்தா உங்க கழுத்து நிமிர்ந்துடுமா?"

"நிமிரும்" என்றார் அவர்.

மனைவி மிச்சப் பித்தான்களை அவிழ்த்தார். "நானும் வரேன். முன்னாடி வரிசையில உட்காருவேன். கையெழுத்துப் போடறதா இருந்தா என் மூஞ்சியைப் பார்த்துட்டுப் போடுங்க."

மச்சான் கடைக்கு விடுமுறை விட்டுவிட்டுப் புதுச் சட்டையில் வந்தார். அவருக்குச் சண்டை நடந்தே தீர வேண்டும். "நீ சும்மா இரு. மாப்ள ஒரு பூட்டுப் போட்டா முடிஞ்சுது கதை" என்று தங்கையை வழி முழுக்க அடக்கிக்கொண்டே வந்தார். "அண்ணே, உனக்குக் கழுத்துன்னா முடி வெட்டற இடம், எனக்கு அப்படி இல்லை" என்றார் தங்கை.

படப்பிடிப்புக் கூடத்தில் பளிச்சென்ற விளக்குகள், சுற்றிலும் படிப்படியாகக் கூட்டம். நடுவே ஒரு மேசை. மேசையில் ஒப்பந்தமும் பேனாவும். பக்கத்தில் தரையில் ஒரு பயிற்சி மெத்தை விரித்திருந்தார்கள். தொகுப்பாளர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஓர் இளைஞர். உடும்பின் பழைய சண்டைகளை வேகமாக ஓட்டிக் காட்டினார். நடுநடுவே கூட்டத்திடம், "ஹீரோவா, ஜீரோவா?" என்று கேட்டார். கூட்டம் தனக்குப் பிடித்ததைக் கத்தியது. ஒரு பக்கம் அவரைப் பார்த்து "கடவுளே!" என்றும் ஒரு குரல். அதுவும் எனக்கு எரிச்சல்தான். கடவுள் ஆக்குகிறவனும் பூச்சியம் ஆக்குகிறவனும் ஒரே வேலையைத்தான் செய்கிறான். எதிரே உட்கார்ந்திருப்பவர் காதும் கழுத்தும் உள்ள மனிதர் என்பதை இருவருமே பார்ப்பதில்லை.

"கையெழுத்துக்கு முன்னாடி ஒரு சின்ன டெமோ!" என்றார் தொகுப்பாளர். "அந்தப் பூட்டை நம்ம மக்கள் நேர்ல பார்க்க வேண்டாமா?"

சுத்தியல் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "வாங்க தலைவா. அதே பூட்டுப் போடுங்க. நான் எப்படித் தாங்கினேன்னு எல்லாரும் பார்க்கட்டும்."

உடும்பு கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி மனைவியைப் பார்த்தார். பிறகு மெத்தையில் இறங்கினார். சுத்தியல் குப்புறப் படுத்தார். அந்த வளைந்த விரல்கள் அவருடைய வலது மணிக்கட்டைப் பற்றின. கை முதுகுக்குப் பின்னால் மடங்கியது. சுத்தியல் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். உடும்பு கொஞ்சம் மேலே தள்ளினார். சிரிப்பு அப்படியே இருந்தது. நெற்றியில் மட்டும் வேர்த்தது. இன்னும் கொஞ்சம். சுத்தியலின் இடது கை மெத்தையின் மேல் இறுக்கி மூடிய முஷ்டியாகக் கிடந்தது. அது தட்டவில்லை. தட்டப்போவதும் இல்லை என்பது தெரிந்தது. பெருமைக்காக ஒரு மனிதன் தன் தோளையே கொடுக்கத் தயாராகப் படுத்திருந்தார்.

உடும்பு விட்டுவிட்டார்.

கூடமே சிரிப்பில் அதிர்ந்தது.

"மறுபடியுமா!" என்று தொகுப்பாளர் தலையில் கை வைத்தார். சுத்தியல் எழுந்து இடது கையைக் கூட்டத்துக்கு விரித்துக் காட்டினார். "பாத்தீங்கல்ல? நான் தட்டலை!"

"எல்லாரும் பாத்தோம்! சார், நீங்க சொல்லுங்க. அவர் தட்டினாரா?"

"இல்லை" என்றார் உடும்பு.

"அப்புறம் ஏன் விட்டீங்க?"

"இன்னும் கொஞ்சம் போயிருந்தா தோள் கழண்டிருக்கும். கையில தெரியும்ங்க அது."

தொகுப்பாளரின் கண்கள் மின்னின. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. "ஓ! அப்ப அன்னைக்கும் இதேதானே நடந்திருக்கும்? அவர் தட்டாமலே நீங்களா பயந்து விட்டிருப்பீங்க. அந்த ரெண்டு தட்டு, எல்லாம் உங்க கற்பனை. சரியா?"

முன்வரிசையில் மச்சான் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். தட்டாமல் விடுவதற்கு என்ன காரணம் என்று அவர் தெருவெல்லாம் கேட்ட கேள்விக்கு, அவருடைய மாப்பிள்ளையே எல்லார் கண் முன்னாலும் ஒரு காரணத்தைக் காட்டிவிட்டார்.

உடும்பு மெத்தையில் உட்கார்ந்தபடியே தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படவில்லை. அவர் யோசிக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அந்தக் கூடத்துக்கு அது பழக்கமில்லாத காட்சி.

"இருக்கலாம்" என்றார் கடைசியில். "இத்தனை வருஷமா அவர் தட்டினாருன்னு நிச்சயமா நினைச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப எனக்கே தெரியலை. தட்டியிருக்கலாம். தட்டாமலும் நான் விட்டிருக்கலாம். தெரியாததைத் தெரியும்னு சொல்லக் கூடாது."

இதற்கும் சிரித்தார்கள். அந்த மேடையில் அன்று பேசப்பட்ட அத்தனையிலும், பேசியவர் தன்னைத் தானே சோதித்துப் பார்த்துச் சொன்ன வாக்கியம் அது ஒன்றுதான். தனக்குச் சாதகமான ஒரே நம்பிக்கையை, புதிதாக ஒரு சான்று கிடைத்தது என்பதற்காக ஒரு மனிதர் எல்லார் முன்னாலும் கீழே வைக்கிறார். இதைச் செய்ய, படித்தவர்களுக்கும் பதவியில் இருப்பவர்களுக்கும் வாழ்நாள் போதாமல் போகிறது. கூட்டமோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வெட்கக்கேடு! வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

"அதனாலதான் சார் இந்தத் தீர்ப்புச் சண்டை!" தொகுப்பாளர் பேனாவை எடுத்து நீட்டினார். "கூண்டுல முடிவு பண்ணிடலாம். வாங்க!"

உடும்பு எழுந்து மேசைக்கு வந்தார். பேனாவை வாங்கவில்லை. "எதை முடிவு பண்றது தம்பி? நான் ஜெயிக்கணும்னா இவர் கையை ஒடைக்கணும். ஒடைக்க மாட்டேன்னு இப்பதானே பாத்தீங்க? கூண்டுல மட்டும் என் கை வேற மாதிரியா இருக்கும்?"

மேடையின் ஓரத்தில் இருந்து கம்பெனி ஆள் வேகமாக வந்தார். "சார், நீங்க கையெழுத்துப் போடலைன்னா பழைய முடிவு அப்படியேதான் இருக்கும். குழு கிடையாது. யோசிச்சுக்கங்க."

உடும்பு மறுபடி உடம்போடு திரும்பி முன்வரிசையைப் பார்த்தார். மனைவி தலையசைக்கவில்லை, கண்ணைக் காட்டவில்லை. அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றார் உடும்பு. அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. இத்தனை வருஷம் இறுக்கிப் பிடித்திருந்ததை விடும்போது யாருக்கும் உடையும்.

வெளியே வரும்போது கம்பெனி ஆள் விடவில்லை. "உங்க பேரை நீங்களே முடிச்சுக்கிட்டீங்க சார்."

"பேரு எங்க வேணா போகட்டும்" என்றார் மனைவி. "ஆள் என்கூட பஸ் ஏறுவாரு." பிறகு சுவரோரம் நின்ற சுத்தியலைப் பார்த்தார். அவர் கோட்டை இடது கையால் தோளில் போட முயன்றுகொண்டிருந்தார். வலது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. "அந்தத் தோளுக்கு ஐஸ் வைங்க. நாளைக்குக் கை தூக்க வரலைன்னா ஆஸ்பத்திரிக்கு வாங்க, நானே படம் எடுக்கறேன்."

"ஒண்ணும் இல்லைங்க" என்றார் சுத்தியல், பல்லைக் கடித்துக்கொண்டு. அவர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. அடுத்த இரண்டு வாரம் திரையிலும் வரவில்லை. காரணத்தைக் கம்பெனி சொல்லவில்லை. அவர்கள் எதற்குத்தான் காரணம் சொன்னார்கள்?

அந்தக் காட்சித் துண்டு மட்டும் ஊரெல்லாம் சுற்றியது. 'உண்மையை ஒப்புக்கொண்ட உடும்பு' என்று தலைப்பு. அவர் சொன்னது "தெரியவில்லை" என்று. தலைப்பின் அர்த்தமோ "இத்தனை நாள் பொய் சொன்னார்" என்று. சலவைப் பிரிவுக்கு விரிப்பு கொண்டுவரும் ஆட்கள்கூட வண்டியைத் தள்ளிக்கொண்டே, "அண்ணே, விட்டுடாதீங்க, வண்டி உருண்டுடும்" என்று கிண்டல் அடித்தார்கள்.

மச்சானின் கோபம் தனி. சில நாள் பேசவே இல்லை. பிறகு ஒரு மதியம் உடும்பு முடிவெட்டப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். நாற்காலியில் முன்பு வந்த அதே நுரைக்காரர். பெஞ்சில் இருப்பது யார் என்று கவனிக்காமல் பேசிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா அந்த வீடியோவை? கையை முறிக்கத் துப்பில்லாத ஆளு. அதை இத்தனை வருஷமா வீரம்னு வித்துக்கிட்டு இருந்திருக்கான்."

மச்சானின் சவரக்கத்தி அவர் தொண்டையில் இருந்தது. அது அங்கேயே நின்றது.

"அசையாதீங்க" என்றார் மச்சான்.

"ஏன், என்னாச்சு?"

"கத்தி எங்க இருக்கு தெரியுதா? கொஞ்சம் அழுத்தினாப் போதும். தினமும் இத்தனை கழுத்து என் கைக்கு வருது. ஒருத்தனையும் நான் அறுத்ததில்லை. அப்ப எனக்குத் துப்பில்லைங்கறீங்களா?"

கண்ணாடியில் நுரைக்காரரின் கண்கள் பெஞ்சுக்குப் போயின. யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"சொல்லுங்க. துப்பில்லையா, இருக்கா?"

"இருக்கு, இருக்கு. கத்தியை எடுப்பா முதல்ல!"

மச்சான் சவரத்தை முடித்துத் துண்டால் துடைத்து அனுப்பினார். ஒரு வெட்டுக்கூட இல்லை. நுரைக்காரர் வாசலில் செருப்பைத் தேடிய வேகத்தில் இடது வலது மாறிப் போனது.

"வாங்க மாப்ள" என்றார் மச்சான். உடும்பு நாற்காலியில் உட்கார்ந்தார். "அவன் கிட்ட அப்படித்தான் பேசுவேன். ஆனா உங்க கிட்டச் சொல்றேன், நீங்க விட்டிருக்கக் கூடாது. அன்னைக்கும் சரி, இப்பவும் சரி. எனக்கு இன்னும் மனசு ஆறலை."

"எனக்கும்தான் மச்சான்."

"அப்புறம் என்ன?"

"ஆறலைன்னா என்ன பண்றது? முடியை வெட்டுங்க."

மச்சான் பழக்கத்தில் அவர் தலையை இடப்பக்கம் சாய்க்கப் பார்த்தார். தலை சாயவில்லை. கை அப்படியே நின்றது. அத்தனை நாள் "ஒரு பூட்டுப் போட்டா முடிஞ்சுது" என்று சொல்லித் திரிந்தவர், மாப்பிள்ளையின் பின்கழுத்தில் தசை கட்டை மாதிரி இறுகிக் கிடப்பதை விரலால் தொட்டுப் பார்த்தார். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்று, வெட்ட ஆரம்பித்தார்.